டாங்கில் ஒரு நீலக் கோடு

ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், எந்த பைக் எந்தச் சாதி என்று டாங்கே சொல்லிவிடும். இரண்டு நிறக் கோடு, நடுவில் சாதிப் பட்டம். அதை யாரும் கேட்பதில்லை. நம் பையன் நீலக் கோடு இழுத்து ‘ஜெய்பீம்’ என்று எழுதினால் மட்டும், “நீங்களும் சாதியைத்தானே காட்டுறீங்க?” என்கிறார்கள்.

இரண்டும் ஒன்றல்ல தோழர்களே. அந்தக் கோட்டை அந்தச் சாதியில் பிறந்தவர் மட்டுமே போட முடியும். நீலம் அம்பேத்கரின் கொடி. சாதி ஒழியணும் என்று நினைக்கிற யாரும் தீட்டிக்கொள்ளலாம். நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 அறிக்கையில் பள்ளிகளில் சாதிக் கயிறு கூடாது என்றது. பள்ளி வாசலில் நிற்கும் பைக்கை யார் கேட்பது?

“எதுக்குடா வம்பு, அழிச்சிடு” என்கிறார்கள் வீட்டில். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டியதற்காகவே தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்பது குடும்பத்தின் புகார். அங்கே கோடா பிரச்சினை? ஓட்டியவர்தான்.

எழுதுங்கள், டாங்கோடு நிறுத்துங்கள். நம்பர் பிளேட்டில் எழுதி அபராதம் கட்டாதீர்கள். ஸ்டிக்கர் வேண்டாம், உரித்துவிடுவார்கள். பெயின்ட் அடித்து மேலே நல்ல கிளியர் கோட் கொடுங்கள், பெட்ரோல் சிந்தினாலும் எழுத்து நிற்கும்.