வெட்டினால்தான் பால் ஊறும்

ஈப்போ லிட்டில் இந்தியாவில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "நம்ம தாத்தா பாட்டியெல்லாம் தோட்டத்துல டின் பால் ஊத்தின தேத்தண்ணியிலதான் ஓடினாங்க. சீனிதான் தெம்பு. அவங்களுக்கு என்ன இனிப்புநீரா வந்துச்சு?" சொல்பவர் முடிக்கும் முன்பே அடுத்த கிளாஸுக்குக் கை காட்டிவிடுவார்.

சீனிதான் தெம்பு என்பது பாதி உண்மை. செல் குளுக்கோஸைப் படிப்படியாகச் சிதைத்து, பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில், ஏடிபி என்ற மூலக்கூறைச் செய்கிறது. தசை இழுப்பது அதைக் கொண்டுதான். ஏடிபி சேமிப்பல்ல, கையில் புழங்கும் சில்லறை. உடம்பு முழுவதும் திரட்டினாலும் சில பத்து கிராம்தான் தேறும். ஆனால் ஒரு நாளில் அது செலவாகிச் செலவாகி மறுபடி உருவாவதைக் கூட்டினால், ஏறக்குறைய நம் எடை அளவுக்கு வரும். செலவு இருந்தால்தான் வரவு. ஏடிபி நிறைந்திருந்தால் குளுக்கோஸைச் சிதைக்கும் நொதிகளே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு கரண்டி கூடப் போட்டால் இரண்டு மடங்கு தெம்பு வராது.

பால் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. ரப்பர் மரமும் இலையில் செய்த சீனியைத்தான் பாலாக்குகிறது. வெட்டாத மரத்தில் பால் குழாய்கள் நிரம்பியே நிற்கும், புதிதாக அதிகம் ஊறாது. கத்தி பட்டு, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் வடிந்த பிறகுதான் மரம் மறுபடி சீனியை இழுக்கும்.

மிஞ்சிய சீனியைக் கல்லீரலும் தசையும் கிளைக்கோஜனாக அரைக் கிலோ அளவுக்கு வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் இடமில்லை. உண்டது மிஞ்சினால் கொழுப்புதான். "வேர்த்தா எல்லாம் போயிடும்" என்பார்கள். வியர்வை உடம்பைக் குளிர வைக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் பாட்டி எப்படித் தப்பித்தார்? விடியுமுன் பெரட்டில் ஆள் கணக்கு, மரத்துக்கு மரம் குனிந்து வெட்டு, பிறகு தோளில் காண்டாக் கம்பு வைத்து இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் நடை. சுருங்கி விரியும் தசை இன்சுலின் தயவு இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே வாங்கும். காலைத் தேத்தண்ணி மதியத்துக்குள் தீர்ந்திருக்கும். பேரனோ காவலாளி நாற்காலியில் பன்னிரண்டு மணி நேரம். அதோடு, பாட்டிக்கு இனிப்புநீர் "வரவில்லை" என்பதையும் நான் முழுதாக நம்பமாட்டேன்; தோட்டத்து லயத்தில் யார் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்? 2019 தேசியச் சுகாதார ஆய்வு பார்த்தது: மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு.

"அசதியா இருக்கு, அதான் குடிக்கிறேன்" என்பது கடைசி வாதம். இனிப்புநீர்க்காரரின் இரத்தத்தில் சீனிக்குப் பஞ்சமில்லை. செல்லுக்குள் போகத்தான் வழியில்லை. வாசலில் குவிந்ததன்மேல் இன்னும் கொட்டி என்ன பயன்? ஒரே ஒரு விலக்கு உண்டு. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குச் சீனி இறங்கி, கை நடுங்கி, குப்பென்று வேர்த்தால், நினைவோடு இருக்கும்போதே சீனித் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். அப்போது யாரும் இந்தக் கட்டுரையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.