டிசம்பரில் முடிந்துவிடும் கணக்கு

அமெரிக்காவில் கல்லூரி ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கிதான். நம் புல்தரை ஹாக்கி அங்கே வேறு விளையாட்டு. முதல் டிவிஷனில் அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் அணிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஆறு லீக்குகளில் அடங்கிவிடும். மார்ச்சில் தொடங்கும் தேசியப் போட்டிக்கு 16 அணிகள்தான் போக முடியும். ஆறு லீக் சாம்பியன்களுக்கு இடம் உறுதி. மிச்சமுள்ள பத்து இடங்கள் யாருக்கு என்பதில்தான் ஆண்டுதோறும் சண்டை.

தேர்வுக் குழுவின் தயவு இதில் செல்லாது. கணக்குதான் தீர்ப்பு. ஆர்.பி.ஐ. என்ற பழைய சூத்திரத்தில் ஓர் அணியின் சொந்த வெற்றிக்கு 25 சதவிகித மதிப்பெண். எதிரிகளின் வெற்றிக்கு 21. எதிரிகளுடைய எதிரிகளின் வெற்றிக்கு 54! அதாவது நீங்கள் எப்படி ஆடினீர்கள் என்பதைவிட யாரோடு ஆடினீர்கள் என்பதற்கே மதிப்பு அதிகம். மிகப் பலவீனமான அணியை வென்றால் உங்கள் மதிப்பெண் குறையவும் கூடும். அந்த அபத்தத்தைத் தவிர்க்க, அப்படிப்பட்ட வெற்றிகளைக் கணக்கிலிருந்து நீக்குவதற்குத் தனி விதி போட வேண்டியிருந்தது.

எதிரியின் பலத்தை எடை போடுவது நியாயம்தான். எந்தத் தராசில் என்பதுதான் பிரச்சினை. ஒரு லீக்குக்குள் ஒருவரின் வெற்றி இன்னொருவரின் தோல்வி. ஹாக்கி ஈஸ்ட் லீக்கில் 11 அணிகள், ஆளுக்கு 24 லீக் ஆட்டங்கள், மொத்தம் 132. அத்தனையும் ஆடி முடித்த பிறகும் லீக்கின் மொத்தக் கணக்கு சரிபாதியில்தான் நிற்கும். ஒரு லீக் மற்றதைவிட உசத்தியா என்பதை வெளி லீக் அணிகளோடு ஆடும் சில ஆட்டங்கள்தான் சொல்ல வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே முடிந்துவிடும். பிப்ரவரியில் ஓர் அணி எவ்வளவு தேறியிருந்தாலும், அதன் லீக்கின் மீது விழுந்த முத்திரை ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

ஹார்வர்டு, யேல், கார்னெல் போன்ற ஐவி அணிகளின் நிலை இன்னும் இக்கட்டு. மற்றவர்களுக்கு 34 ஆட்டங்கள் என்றால் இவர்களுக்கு 29தான். சீசனையும் தாமதமாகவே தொடங்குகிறார்கள். இ.சி.ஏ.சி. லீக்குக்கு 22 போனால் மிச்சம் ஏழு. இந்த ஏழை வைத்து ஒரு லீக்கின் தரத்தை அளப்பது ஒரு பருக்கையைப் பார்த்துப் பானைச் சோற்றைச் சொல்வது போலத்தான். பருக்கையும் அரைவேக்காட்டில் எடுத்தது. முன்பு ரஞ்சிக் கோப்பை மண்டல வாரியாக நடந்தபோது, மேற்கு மண்டலம் பலமா, தெற்கா என்று நாம் அடித்துக்கொண்டதற்கும் இதே காரணம்தான். நாக்-அவுட் வரும்வரை இருவரும் மோதியதே இல்லை.

கோப்பையைப் பார்த்துத் தீர்மானிக்கலாமே என்பார்கள். 2016 முதல் 2025 வரை நடந்த ஒன்பது போட்டிகளில் (2020ல் நடக்கவில்லை) ஏழை என்.சி.எச்.சி. லீக் அணிகளே வென்றன. அந்த லீக்கின் பலத்தில் சந்தேகமில்லை. ஆனால் 2013ல் யேல் கடைசி நேரத்தில்தான் உள்ளே நுழைந்தது. அந்த சீசனில் தன்னை மூன்று முறை தோற்கடித்திருந்த அதே லீக் அணியான குவின்னிபியாக்கை இறுதி ஆட்டத்தில் 4-0 என்று வென்றது. 2010ல் ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கழகம், யாரும் மதிக்காத அட்லாண்டிக் லீக்கிலிருந்து வந்து டென்வரை வீழ்த்தி அரையிறுதி வரை போனது. லீக் கோப்பையை ஜெயித்திராவிட்டால் அந்த அணி தேசியப் போட்டிக்கே வந்திருக்காது.

2025-26 சீசனிலிருந்து என்.பி.ஐ. என்ற புதிய சூத்திரம். எதிரியின் வெற்றி சதவிகிதத்துக்குப் பதிலாக எதிரியின் என்.பி.ஐ. மதிப்பையே எடுத்துக்கொள்கிறார்கள். முன்னேற்றம்தான். ஆனால் ஆடாத ஆட்டத்தின் முடிவை எந்தச் சூத்திரமும் தராது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் லீக் தாண்டிய ஆட்டங்கள் வேண்டும், சிறிய கல்லூரிகளின் சொந்த மைதானங்களிலும் அவை நடக்க வேண்டும். இதற்குப் பெரிய பல்கலைக்கழகங்கள் சம்மதிக்குமா? தோற்றால் மதிப்பெண் போகும், ஜெயித்தாலும் பெரிதாக ஏறாது. அக்டோபரில் தங்கள் அரங்குக்கே அவர்களை வரவழைத்து ஆடுவது அவர்களுக்கு வசதியாகத்தான் இருக்கிறது.