உடல் எப்போதும் எச்சரிப்பதில்லை

இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்தால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும்பசி ஆகியவற்றால் உடலே அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றும், அப்போது இனிப்பு எடுத்துக்கொண்டால் போதும் என்றும் நீரிழிவு உள்ளோரிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் ஊறிப்போயிருக்கும் நம்பிக்கை மிகவும் ஆபத்தானது. இன்சுலின் ஊசியோ, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களில், இந்த எச்சரிக்கை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது வராமற்போகிறது.

ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்குவது தாழ்சர்க்கரை எனப்படுகிறது. 54க்குக் கீழ் இறங்கினால் மூளையின் செயற்பாடே தடுமாறக்கூடும். நடுக்கமும் படபடப்பும் அட்ரினலின் என்னும் சுரப்புநீரும் நரம்புகளும் எழுப்பும் அறிகுறிகள். தாழ்சர்க்கரை அடிக்கடி நேர்ந்தால் அவை மேலும் தாழ்ந்த அளவில்தான் எழுகின்றன என்பதை அமெரிக்க மருத்துவர் பிலிப் கிரையரின் ஆய்வுகள் விளக்கின. அதனால் எச்சரிக்கை எழுமுன்பே அறிவு குழம்பிவிடுகிறது. இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் பீட்டா தடுப்பான் மாத்திரைகளும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைக்கக்கூடும். வியர்வை மட்டுமே எஞ்சலாம்.

பல ஆண்டுகளாக நோயோடு பழகியவருக்கு அதன் குறிப்புகள் நன்றாகத் தெரியும் என்று வாதிடுவோர், அந்த நீண்ட காலமே எச்சரிக்கையை மங்கச் செய்யும் காரணங்களுள் ஒன்று என்பதைக் காணத் தவறுகின்றனர். குழறும் பேச்சு, காரணமற்ற சினம், தள்ளாடும் நடை, கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை என மூளை தவிப்பதன் அடையாளங்கள் வெளிப்படும்போது, அவற்றைக் குடிபோதை என்றோ முதுமைத் தடுமாற்றம் என்றோ சுற்றியிருப்போர் தள்ளிவிடுவது உயிருக்கே தீங்காக முடியலாம்.

ஆகவே உணர்வை நம்பிக் காத்திராமல், வண்டி ஓட்டுமுன்பும் உறங்குமுன்பும் ஐயம் தோன்றும்போதும் குளுக்கோமீட்டரால் அளந்துபார்ப்பதே அறிவுடைமை. அளவு 70க்குக் கீழ் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸையோ, ஏறத்தாழ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, தேறாவிடில் மறுபடியும் குடித்து, தேறியபின் உணவு உண்ண வேண்டும். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரைகள் சர்க்கரையின் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், அவற்றை உட்கொள்வோர் குளுக்கோஸையே நாட வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். மாத்திரையால் வந்த தாழ்சர்க்கரை, குறிப்பாகச் சிறுநீரகம் தளர்ந்தோருக்கு, தேறியபின்னும் மீளக்கூடும் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பு தேவைப்படலாம்.

மங்கிய எச்சரிக்கையுணர்வு, சில வாரங்கள் தாழ்சர்க்கரை நேராமல் காத்தால் பலருக்குத் திரும்புகிறது. அதற்கு மருந்தின் அளவையும் இலக்கையும் மருத்துவர் திருத்த வேண்டியிருக்கும். “எனக்கு நடுக்கமே வருவதில்லை” என்று நோயாளி சொல்வதை நலத்தின் சான்றாக ஏற்காமல், உடனே ஆராய வேண்டிய அபாயக்குறியாகவே மருத்துவரும் குடும்பத்தாரும் கொள்ள வேண்டும்.