பண்பாடு, சமுதாயம், அரசியல்: சொற்களைத் தெளிவோம்

தமிழ்த்துறைகளில் எழுதப்பெறும் ஆய்வேடுகளின் தலைப்புகளை ஒருமுறை நோக்குவோமாயின் மூன்று சொற்கள் திரும்பத் திரும்பக் கண்ணிற்படும். பண்பாடு, சமுதாயம், அரசியல் என்பனவே அவை. இன்னார் புதினங்களில் பண்பாட்டுக் கூறுகள், இன்னார் கவிதைகளில் சமுதாயப் பார்வை என்றவாறு தலைப்புகள் அமைகின்றன. உள்ளே புகுந்து, பண்பாடு என்பதற்கு ஆய்வாளர் கொண்ட பொருள் யாது, சமுதாயம் என்று அவர் குறித்தது யாரை என வினவினால், பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. அளவுகோலைக் காட்டாமலேயே அளந்து முடித்துவிடுகிறோம். இக்குறையைக் களைவது தமிழ்த்துறைகளின் முதற்கடமை என்பது நம் கருத்து.

மக்கள் வழக்கில் இச்சொற்கள் பாராட்டவும் பழிக்கவும் பயன்படுகின்றன. ஆய்விலோ அவை உள்ளதை உள்ளவாறு விளக்கும் கருவிகளாதல் வேண்டும். இம்மாற்றத்தை எப்படிச் செய்வது என்பதற்கு இப்னு கல்தூன் நல்ல வழிகாட்டி. 1332இல் தூனிசில் பிறந்த அப்பேரறிஞர், 1377இல் எழுதிய 'முகத்திமா' என்னும் நூலில் 'அஸபிய்யா' என்ற சொல்லை ஆள்கிறார். தன் இனத்தார் செய்வது தவறாயினும் அவர்பக்கமே நிற்கும் குருட்டுப் பற்றைக் குறித்து, சமய மரபில் கடிந்துரைக்கப்பட்ட சொல் அது. அதனையே அவர், ஒரு கூட்டத்தாரைப் பிணைத்து ஆட்சியைக் கைப்பற்றவும் காக்கவும் செய்யும் கூட்டுணர்வு என விளக்கினார். அவ்வுணர்வு பாலைவாழ்வின் கடுமையில் வலுப்பெறுவதையும் நகரவாழ்வின் சொகுசில் தளர்வதையும் காட்டி, அரசுகளின் எழுச்சி வீழ்ச்சிக்குக் காரணம் கூறினார். பழிச்சொல்லாய் வழங்கியது அவர் கையில் ஆய்வுக்கருவியாயிற்று.

நம் சொற்களையும் இவ்வாறு சோதித்துப் பார்க்கச் சென்னைத் தரமணி ஏற்ற களம். 1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையடுத்து, 1970இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் அங்குள்ளது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகமும் இன்று அங்கேயே இயங்குகிறது. அருகிலேயே 2000இல் திறக்கப்பட்ட டைடல் பூங்கா நிற்கிறது. 2007இல் வேளச்சேரி வரை நீண்ட பறக்கும் ரயிலும் தரமணி வழியே செல்கிறது.

பண்பாடு

'பண்பாடு' என்னும் சொல்லை இன்றைய பொருளில் வழங்கியவர் ரசிகமணி டி.கே.சி. என்று வையாபுரிப்பிள்ளை குறித்துள்ளார். நிலத்தைப் பண்படுத்துதல் என்னும் உழவுச்சொல்லின் உறவு அதில் உண்டு. ஆதலின், திருந்திய நிலை என்ற பாராட்டு அதனுள்ளேயே அமைந்துவிட்டது. மானிடவியலார் கொள்ளும் பொருள் வேறு. மனிதன் சமுதாய உறுப்பினனாக இருந்து பெற்றுக்கொண்ட அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் ஆகிய அனைத்தின் தொகுதியே பண்பாடு என எட்வர்டு டைலர் 1871இல் வரையறுத்தார். இதன்படி பண்பாடு இல்லாத மனிதர் எவருமிலர்.

தரமணி நூலகத்தில் அமர்ந்து தமிழர் பண்பாட்டை ஆராயும் மாணவன், வாயிலுக்கு வெளியே இரவுப்பணி முடித்துத் தேநீர்க்கடையில் நிற்கும் இளைஞர்களையும், கட்டடப் பணிக்கு வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரையும் தன் ஆய்வுக்குப் புறம்பானவராகக் கருதுவானாயின், அவன் கையிலிருப்பது புகழ்ச்சொல்லேயன்றி ஆய்வுச்சொல் அன்று.

சமுதாயம்

இச்சொல்லின் சிக்கல் இன்னும் ஆழமானது. 1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் சமுதாயம் என்பது ஊர் மக்கள் அனைவரையும் குறித்தது. மேடையில் 'நம் சமுதாயம்' என்று ஒருவர் முழங்கும்போதோ, அது அவருடைய சாதியை அல்லது சமயத்தாரைக் குறிக்கிறது. முஸ்லிம்களாகிய நம்மிடையேயும் 'சமுதாயப் பணி' என்பது பெரும்பாலும் நம்மவர்க்குச் செய்யும் பணியையே சுட்டுகிறது. அதில் குற்றமில்லை. ஆனால் இரு பொருளையும் ஒன்றெனக் குழப்புவது தீங்கு.

உறவாலும் மரபாலும் பிணைந்த கூட்டம் ஒன்று. ஒப்பந்தத்தாலும் தேவையாலும் இணைந்த பெருமக்கள் திரள் மற்றொன்று என ஜெர்மானிய அறிஞர் தோனிஸ் 1887இல் வேறுபடுத்தினார். தரமணியின் பழங்குடிகளும், அங்கே வாடகைக்கு வந்து குடியேறியவரும் முதற்பொருளில் ஒரே சமுதாயத்தார் அல்லர். ஆயினும் ஒரே குடிநீரையும் ஒரே சாலையையும் பகிர்ந்துகொள்வதால் இரண்டாம் பொருளில் ஒரே சமுதாயத்தாரே. முதலாவதை மட்டுமே கண்டால் அடுத்த வீட்டார் அயலாராகிவிடுவர்.

அரசியல்

திருக்குறட் பொருட்பாலின் முதற்பகுதிக்கு 'அரசியல்' என்று பெயர். மன்னனின் இயல்பும் கடமையுமே அங்குப் பொருள். அப்பகுதியிலுள்ள 'கண்ணோட்டம்' என்ற அதிகாரத்தில்தான் 'நாகரிகம்' என்ற சொல்லும் வருகிறது. பிறர்பால் காட்டும் கனிவையே அது குறிக்கிறது. ஆள்வோனுக்குரிய இலக்கணத்தினுள்ளேயே நாகரிகத்தை வைத்த மரபு நம்முடையது. இன்றோ 'இதில் அரசியல் வேண்டாம்' என்று விலகும் அளவுக்குச் சொல் தாழ்ந்துவிட்டது. கூலி, குடிநீர், சாலை, கல்வி ஆகியவற்றை யார்க்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் செயலே அரசியல். அதிலிருந்து விலகி நிற்பார் ஒருவருமிலர்.

'அரசு' என்ற சொல்லிலும் கவனம் தேவை. நிலைத்து நிற்கும் அமைப்பையும், தேர்தலில் வென்று சில ஆண்டுகள் ஆள்வோரையும் நாம் அவ்வொரு சொல்லாலேயே குறிக்கிறோம். அதனால், ஆள்வோரின் ஆணையைக் குறைகூறியவர் நாட்டிற்கே பகைவராகக் காட்டப்படுவது எளிதாகிறது. ஒரு சொல்லின் மயக்கம் ஒரு மனிதரின் உரிமையைப் பறிக்கக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

செய்யவேண்டுவன

முதலாவதாக, ஒவ்வோர் ஆய்வேட்டின் முதல் இயலிலும் ஆய்வாளர் தாம் ஆளும் அடிப்படைச் சொற்களின் பொருளை வரையறுத்துக் கூறுதல் வேண்டும். இரண்டாவதாக, பெரியசாமித் தூரன் பதிப்பில் 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியத் தொகுதிகளை மாணவர்க்கு அறிமுகப்படுத்தல் வேண்டும். இத்துறைகளைத் தமிழிலேயே விளக்க முன்னோர் எடுத்த முயற்சி அதனால் விளங்கும். மூன்றாவதாக, மாணவரைத் தரமணிக்கு அழைத்துச் சென்று, பழைய இதழ்களில் இச்சொற்கள் எவ்வாறு பொருள் மாறி வந்தன என்பதைத் தாமே கண்டறியச் செய்தல் வேண்டும். அதே நாளில் தரமணியின் தெருக்களிலும் அவர்கள் நடக்கட்டும். ஏட்டிற் கண்ட சொல்லை மக்களிடையே வைத்துப் பார்க்கட்டும்.

சொல் தெளிந்தால் சிந்தனை தெளியும். சிந்தனை தெளிந்தால், 'நாம்' என்ற சொல்லினுள் யார் யாரைச் சேர்க்கிறோம் என்பதும் தெளியும். தமிழ் கற்பிப்போர் ஆற்றத்தக்க சமுதாயப் பணி இதனினும் பெரிதொன்றில்லை.