கியரை யார் மாற்றுவது?

78 வயதுக் கிழவன் ஒருவன் பந்தயக் கார் ஓட்டுகிறான் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். அந்தக் கிழவன் அடியேன்தான். பயப்படாதீர்கள், தெருவில் அல்ல. எங்கள் வீட்டுக் கூடத்தில், சோபாவில் சாய்ந்து, முதுகுக்கு ஒரு தலையணையையும் முட்டுக் கொடுத்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

கண் டாக்டர், "இனிமேல் நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது" என்று சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. 30 வருஷம் அம்பாஸடர் ஓட்டிய கை சும்மா இருக்குமா? சாப்பிடும்போதுகூட இடது கை தானாக எழுந்து, இல்லாத கியரைத் தேடும். கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன் இதைக் கவனித்திருக்கிறான். 14 வயதுதான், ஆனால் கெட்டிக்காரன்.

"தாத்தா, வாங்க. கார் ஓட்டலாம்" என்று டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, கையில் அந்தப் பொத்தான் கருவியைக் கொடுத்தான். ஆட்டத்தின் பெயர் கிரான் டூரிஸ்மோ 7. 2022-ல் வெளிவந்தது. ஜப்பானில் உள்ள ஸுஸுகா பந்தயப் பாதை அப்படியே திரையில் விரிந்தது. சுமார் 5.8 கிலோமீட்டர் நீளம். பாதையே ஓரிடத்தில் தன்னைத் தாண்டி மேலே பாலமாகப் போகிறது. எனக்காக அவன் பொறுக்கியெடுத்த வண்டி, இரண்டே பேர் உட்காரக்கூடிய மாஸ்டா ரோட்ஸ்டர்.

எல்லாம் சரி. புறப்படுவதற்கு முன் அவன் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து, சத்தம் போடாமல் ஒன்றை மாற்றினான்.

"அது என்னடா?"

"ஒண்ணுமில்லே தாத்தா. கியரை ஆட்டோமாட்டிக்கிலே வெச்சேன். உங்களுக்கு ஈஸியா இருக்கும்."

எனக்கு வந்ததே கோபம்! "என்னையா? ஆட்டோமாட்டிக்கா? நீ பிறப்பதற்கு முன்னாலேயே நான் ஏற்காடு மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மூச்சில் ஏறினவன், தெரியுமா?"

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "ஏற்காட்டுக் கதையை மட்டும் எடுக்காதீங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

மானுவலில்தான் ஓட்டினேன். ஒரு பொத்தான் கியரை ஏற்றும்; இன்னொன்று இறக்கும். பார்க்கப் போனால் அம்பாஸடரைவிடச் சுலபம். ஆனால் நடந்தது என்ன? கொண்டை ஊசி வளைவு வந்ததும் பிரேக்கைப் பிடிப்பதா, கியரை இறக்குவதா, திருப்புவதா என்று மூன்றும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. கியரை இறக்குவதற்குப் பதில் ஏற்றிவிட்டேன். வண்டி வளைவைப் பற்றிக் கவலையே படாமல் நேரே மணலில் போய் இறங்கியது. ஒரு சுற்றுக்கு 3 நிமிஷம் 40 வினாடி. பேரன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுநாள், மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஆட்டோமாட்டிக்கில் ஓட்டினேன். 3 நிமிஷம் 9 வினாடி!

*

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இந்த ஆட்டங்கள் இருக்கும். "ஆட்டோமாட்டிக்கா, மானுவலா?" என்ற சண்டையும் இருக்கும். மானுவலில் ஓட்டுகிறவன்தான் வீரன், மற்றவன் குழந்தை என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்ததில் அடியேனுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆட்டோமாட்டிக் கியர் முட்டாள் அல்ல. இஞ்சின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, நீங்கள் பெட்ரோலை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அதை வைத்துக் கணக்குப் போட்டு மாற்றுகிறது. ஆனால் ஒன்றே ஒன்று தெரியாது. எதிரே வளைவு வருகிறது என்பது அதற்குத் தெரியாது!

அதனால் என்ன ஆகிறது? நீங்கள் வளைவுக்குள் நுழையும்போது அது இன்னும் மூன்றாவது கியரில் அசைபோட்டுக்கொண்டிருக்கும். வளைவை விட்டு வெளியே வரப் பெட்ரோலை அழுத்துவீர்கள். அப்போதுதான் திடுக்கிட்டு விழித்துக்கொண்டு இரண்டாவதுக்கு இறங்கும். அதற்குள் முன்னால் இருந்தவன் போய்விடுவான். சில சமயம் நீண்ட வளைவின் நட்டநடுவில், நிதானமாக ஓடுகிற வண்டியை மேல் கியருக்குத் தூக்கிவிடும். நூல் பிடித்த மாதிரி போய்க்கொண்டிருந்த வண்டி ஒரு ஆட்டம் ஆடும்.

யந்திரத்துக்கு நடந்தது தெரியும். நடக்கப் போவது தெரியாது. வளைவைப் பார்க்கிறவர் நீங்கள்தான். மானுவல் கியரின் பெருமை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

நான் ஓட்டிய ரோட்ஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இஞ்சினுக்கு 131 குதிரைச் சக்தி. அந்தச் சக்தி முழுவதும் கிடைப்பது நிமிஷத்துக்கு 7,000 சுற்றில். இழுவை பலமாக இருப்பது 4,800 சுற்றில். ஆகவே, முள் இந்த இரண்டுக்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தால் வண்டி சந்தோஷமாக ஓடும். வளைவை விட்டு வரும்போது முள் 3,000-ல் கிடந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுப்பப்பட்ட மாமனார் மாதிரி முனகும். எனவே வளைவுக்கு முன்பே, நேர்ப்பாதையில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கியரை இறக்கிவிட வேண்டும். அதுவும் ஐந்திலிருந்து இரண்டுக்கு ஒரே தாவலாக அல்ல; வேகம் குறையக் குறைய ஒவ்வொன்றாக. அவசரப்பட்டால் பின் சக்கரங்கள் பிடிப்பு இழந்து வண்டி பம்பரமாகும்.

இன்னொரு லாபமும் உண்டு. கீழ் கியரில் இருக்கும்போது பெட்ரோலை விட்டாலே இஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். 'எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு' என்று மலைப் பாதை பஸ் டிரைவர்கள் சொல்வார்களே, அந்தச் சங்கதிதான். மழை பெய்து பாதை நனைந்திருந்தால் இதற்கு நேர் எதிராக ஒரு கியர் மேலே வைத்து ஓட்டுவது நல்லது, சக்கரம் வழுக்காது. மழைக்குத் தக்கபடி இப்படி முன்யோசனை செய்து கியரைப் பிடித்து வைப்பது நம் வேலை.

அப்படியானால் எல்லோரும் இன்றைக்கே மானுவலுக்கு மாறிவிடலாமா? மாறாதீர்கள்! முதல் நாள் நான் மணலில் இறங்கியதை மறந்துவிட்டீர்களா?

முதலில் ஆட்டோமாட்டிக்கில் ஓட்டுங்கள். எந்த இடத்தில் பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் திரும்புவது என்று பாதை மனப்பாடம் ஆகட்டும். ஒரு நாள், "அட மண்டூகமே, இப்போது போய் ஏன் மாற்றுகிறாய்?" என்று அந்த ஆட்டோமாட்டிக்கை நீங்களே திட்டுவீர்கள். அன்றுதான் நல்ல முகூர்த்தம். அதே வண்டி, அதே பாதை. கியரை மட்டும் மானுவலாக்கிப் பத்துச் சுற்று ஓட்டுங்கள். முள்ளைப் பார்க்காதீர்கள், இஞ்சின் சத்தத்தைக் காதால் கேளுங்கள். கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது. கையில் வலி உள்ளவர்கள், வேடிக்கைக்காக அரை மணி ஓட்டுகிறவர்கள் கடைசிவரை ஆட்டோமாட்டிக்கிலேயே ஓட்டட்டும். அதில் ஒரு குறைவும் இல்லை.

இந்தப் பிரச்னை இன்று நேற்று வந்ததல்ல. 1974-ல் அடாரி கம்பெனி வெளியிட்ட கிரான் டிராக் 10 என்ற ஆட்டப் பெட்டியிலேயே ஸ்டீரிங், பெடல்களோடு கியர்த் தண்டும் இருந்தது. 1982-ல் வந்த போல் பொஸிஷனிலும், 1986-ல் வந்த அவுட் ரன்னிலும் மேல், கீழ் என்று இரண்டே கியர்கள். பிறகுதான், 'உனக்கு எது வேண்டும்?' என்று ஆட்டமே கேட்கும் காலம் வந்தது.

நிஜப் பந்தயத்தில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 1989-ல் ஃபெராரி கம்பெனி, ஸ்டீரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டினால் கியர் மாறும் வண்டியைக் கொண்டு வந்தது. பிரேஸில் பந்தயத்தில் நைஜல் மான்ஸல் அதில் ஓடி, முதல் போட்டியிலேயே ஜெயித்தார். அதன் பிறகு, தானாகவே கியர் மாறும் ஏற்பாடும் ஃபார்முலா ஒன் கார்களுக்கு வந்துவிட்டது. ஆனால் 2004-ல் அதை வேண்டாமென்று தடுத்துவிட்டார்கள். யந்திரத்தால் முடியாது என்பதற்காக அல்ல. ஓட்டுகிறவன்தான் ஓட்ட வேண்டும் என்பதற்காக! 2005-ல் நம் கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன் அந்தப் பந்தயங்களில் ஓடியபோது, ஒவ்வொரு கியரையும் தம் விரலால்தான் தட்டினார்.

*

இனி ஏற்காட்டுக் கதை.

1992-ல் என் பையனுக்கு 20 வயது. நான்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அம்பாஸடரில் கியர்த் தண்டு ஸ்டீரிங்குக்கு இடது பக்கம் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கையை நீட்டினால் எட்டிவிடும். எட்டியதுதான் வினை.

ஏற்காடு மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அவன் இரண்டாவது கியருக்குக் கையைக் கொண்டுபோவதற்குள், "மாற்று! மாற்று!" என்று கத்தியபடி அவன் கைமேல் என் கையை வைத்து நானே இழுத்தேன். அவன் கிளட்சை மிதிக்கவில்லை. வண்டி கிர்ரென்று அலறி நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது. என் மனைவி பின் சீட்டில் முருகனைக் கூப்பிட்டாள். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கினான், சுற்றி வந்தான், "நீங்களே ஓட்டுங்கப்பா" என்று சொல்லி இடது பக்கம் உட்கார்ந்தான். அதன் பிறகு எத்தனையோ வருஷம் அவன் ஸ்டீரிங்கைத் தொடவில்லை. இப்போது வண்டி வைத்திருக்கிறான். ஆட்டோமாட்டிக்.

வளைவை நானும் பார்த்தேன், அது உண்மை. ஆனால் ஸ்டீரிங் அவன் கையில் அல்லவா இருந்தது? கியரும் அவனுடையதுதானே? இந்தச் சின்ன விஷயம் புரிய எனக்கு முப்பது வருஷத்துக்கு மேலும், ஒரு பேரனும் வேண்டியிருந்தது. நான் மணலில் இறங்கியபோதெல்லாம் அந்தப் பயல் என் கையிலிருந்து கருவியைப் பிடுங்கவில்லை. "பரவாயில்லே தாத்தா, இன்னொரு சுற்று" என்றுதான் சொன்னான்.

போன ஞாயிற்றுக்கிழமை, பேரனை அழைத்துப்போகப் பையன் வந்தான். பேரன் விடவில்லை. "அப்பா, ஒரே ஒரு சுற்று! தாத்தா இப்ப மானுவல்லே 3 நிமிஷம் 4 வினாடி, தெரியுமா?" என்று கருவியை அவன் கையில் திணித்தான்.

பையன் பட்டியலைத் திறந்தான். ஒரு நிமிஷம் யோசித்தான். மானுவலை வைத்தான்.

நான் பக்கத்தில், அதே இடது பக்கம், உட்கார்ந்திருந்தேன். கொண்டை ஊசி வளைவு நெருங்கியது. வண்டி நாலாவது கியரில் வருகிறது. என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அந்த 'மாற்று'. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று... இரண்டு... தானாகவே இறக்கினான். கொஞ்சம் தாமதம்தான். ஓரத்தில் ஒரு சக்கரம் மண்ணைத் தொட்டது. இருந்தாலும் வளைந்துவிட்டான். திரும்பி என்னைப் பார்த்தான்.

"என்னப்பா, ஒண்ணுமே சொல்லலே?"

"பாதையைப் பார்த்து ஓட்டுடா" என்றேன்.

சமையலறையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அன்று எனக்குக் கேட்காமலே இரண்டாவது தம்ளர் காப்பி கிடைத்தது.