காய்ப்பைச் சீவாதீர், பாரத்தை இறக்குவீர்!



விலைவாசி, வரி, லைசென்சு பற்றி எவ்வளவோ பேசுகிறோம். காலை முதல் இரவு வரை நம்மைத் தாங்கும் பாதங்களைப் பற்றிப் பேசுவதில்லை. இம்மாதம் அதைப் பற்றிச் சில வார்த்தைகள்.

சிலருக்கு, குறிப்பாகக் கடையைக் கவனிக்கும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு, கால் பெருவிரலின் அடிமூட்டு உட்பக்கமாகப் புடைத்து, விரல் அடுத்த விரலை நோக்கிச் சாய்ந்திருக்கும். டாக்டர்கள் இதைப் 'பனியன்' என்கிறார்கள். ஜவுளிக்கடைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், பெயர்தான் ஒன்று! பரம்பரையாகவும் வரும். முனை குறுகிய காலணி இதை அதிகப்படுத்தும்.

லாரியில் ஒரு டயரில் காற்று இறங்கினால் பாரம் பக்கத்து டயருக்குப் போய் அது தேய்கிறதல்லவா? இங்கும் அதே கணக்குத்தான். நடக்கும்போது தரையை உந்துவதில் பெருவிரலுக்கே பெரும்பங்கு. அது சாய்ந்துவிட்டால் பாரம் இரண்டாம், மூன்றாம் விரல்களின் அடிமேட்டுக்கு மாறுகிறது. குதிகால் எழும் கணத்தில் எடை முழுவதும் ஒரு முன்பாதத்தின் மேல். 60 கிலோ ஆள் 50 கிலோ மூட்டையைச் சுமந்தால் 110 கிலோ! அழுத்தமும் உராய்வும் தொடரும் இடத்தில் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. அதுவே காய்ப்பு. உங்கள் பழைய ரப்பர் செருப்பைப் பாருங்கள். குழி விழுந்த இடத்தில்தான் பெரும்பாலும் காய்ப்பும் இருக்கும்.

எமது மண்டியில் 20 ஆண்டுகள் தராசருகே நின்ற பெரியவர் ஒருவருக்கு இப்படிப் பெருவிரல் சாய்ந்திருந்தது. அவர் கால் தாங்கி நடந்ததைச் சோம்பல் என்று நாம் நினைத்தோம். சர்க்கரை நோய் வேறு. காய்ப்பைப் பிளேடால் சீவியிருக்கிறார். உணர்ச்சி குறைந்த கால், வலி தெரியவில்லை. புண் புரையோடி ஒரு விரலை எடுக்க நேர்ந்தது. அவர் உட்கார ஒரு ஸ்டூல்கூட நாம் போட்டதில்லை. இதை வெட்கத்துடன் எழுதுகிறோம்.

ஆகவே சொல்கிறோம்: காய்ப்பைச் சீவினால் மீண்டும் வளரும். பாரம் குறைந்தால்தான் அது அடங்கும். முன்பக்கம் அகன்ற, அடி மெத்தென்ற, குதி உயரமில்லாத செருப்பு அணியுங்கள். சர்க்கரை நோயாளிகள் பிளேடையும் ஆணி பிளாஸ்திரியையும் தொடவே கூடாது. பிளாஸ்திரியிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். அவர்களுக்கென்றே எம்.சி.ஆர். செருப்பு கிடைக்கிறது. தினம் இரவு உள்ளங்காலைப் பாருங்கள். காய்ப்பின் அடியில் கருமையோ நீர்க்கசிவோ கண்டால் மறுநாளே டாக்டரிடம் செல்லுங்கள்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-லேயே சட்டம் செய்தது. நமது சட்டசபையும் 2021-ல் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு இடையே கிடைக்கும் அவகாசத்தில் உட்கார எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வேண்டும் என்பதே அதன் சாரம். "இன்னொரு தொல்லை" என்று முணுமுணுத்தவர்களில் நாமும் ஒருவர். இன்று அப்படி நினைக்கவில்லை.

"பையன் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்?" என்று கேட்பீர்கள். ஆள் வந்ததும் எழுந்து கேட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அனுபவத்தில் கண்டோம். இடம் இல்லையென்றால் கல்லாவுக்கு அடியில் தள்ளிவைக்க ஒரு முக்காலி போதும்.

தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே சரிசெய்கிறோம். நம்மையும் நம்மை நம்பியவரையும் தாங்கும் பாதத்தில் எடை தப்பி விழுந்தால் மட்டும் பேசாமலிருப்பது வியாபார தர்மமாகாது. இந்த வாரமே ஒரு முக்காலி வாங்கிப் போடுங்கள் என்பது எமது தாழ்மையான வேண்டுகோள்.