வீட்டு வாசலில் ரோடு இருக்க, சைக்கிள் ஓட்ட ஏலகிரிக்கு ஏன் போகிறார்கள்? வானகரம் சொல்லும் கணக்கு

சனிக்கிழமை அதிகாலையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கவனித்தால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். வானகரம் மீன் மார்க்கெட்டுக்குச் சரக்கு ஏற்றி வரும் வண்டிகளுக்கு நடுவே, பின்னால் ரேக் மாட்டிய கார்கள் வேலூர் பக்கம் போய்க்கொண்டிருக்கும். ரேக்கில் இரண்டு மூன்று கியர் சைக்கிள்கள். ஓட்டுவதற்காக வாங்கிய சைக்கிள், காரில் ஏறி 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. அதன் பிறகுதான் அதை ஓட்டுகிறார்கள்.

போகும் இடம் பெரும்பாலும் ஏலகிரி அல்லது ஜவ்வாது மலை. நீண்ட விடுமுறை கிடைத்தால் ஏற்காடு, கொல்லிமலை, நீலகிரி.

கேட்டால் 'இங்க எங்க பாஸ் ஓட்டறது?' என்பதுதான் பதில். வெறும் சலிப்பு போலத் தெரிந்தாலும், அந்தப் பதிலுக்குள் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு கணக்கு இருக்கிறது.

சைக்கிள் தயாரித்த ஊர்

சென்னையின் மேற்குப் புறநகருக்கும் சைக்கிளுக்கும் பழைய உறவு உண்டு. முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949-ல் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது அம்பத்தூரில்தான். ஹெர்குலஸ், பிஎஸ்ஏ என்று பல வீடுகளின் திண்ணையில் சாய்ந்து நின்ற சைக்கிள்கள் இந்த நிறுவனத்துடையவை. ஷிப்ட் முடிந்ததும் தொழிலாளர்கள் கூட்டமாகச் சைக்கிளில் வீடு திரும்பிய காலமும் அம்பத்தூருக்கு உண்டு.

இன்று அதே பகுதியில் பூந்தமல்லி நெடுஞ்சாலை, தாம்பரம் - புழல் பைபாஸ், வானகரம் - அம்பத்தூர் சாலை ஆகியவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடுகின்றன. கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், தண்ணீர் லாரி, கால் டாக்ஸி, டெலிவரி பைக் எல்லாம் ஒரே பாதையில். சைக்கிளுக்கு மிஞ்சுவது ஓரத்தில் கிடக்கும் மணலும் ஜல்லியும்தான்.

6 வினாடியா, 16 வினாடியா?

மலைச் சாலையில் பள்ளத்தாக்கு உண்டு, கொண்டை ஊசி வளைவு உண்டு. அப்படியிருக்க அது எப்படிப் பாதுகாப்பாகத் தெரிகிறது? விடை, வாகனங்களுக்கு இடையிலான வேக வித்தியாசத்தில் இருக்கிறது.

நெடுஞ்சாலையில் ஒரு கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, முன்னால் சைக்கிள் 25-ல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 55. இருவருக்கும் இடையே 100 மீட்டர் இருந்தால், கார் சைக்கிளைத் தொட சுமார் 6 வினாடி போதும். டிரைவர் ஒரு முறை மொபைலைப் பார்த்து நிமிரும் நேரம்தான் அது.

அதே கார் மலை ஏறும்போது வளைவுகளால் 30-க்கு மேல் போக முடியவில்லை, சைக்கிள் 8-ல் ஏறுகிறது என்றால் வித்தியாசம் 22 மட்டுமே. அதே 100 மீட்டரைக் கடக்க 16 வினாடிக்கு மேல் ஆகும். பார்க்கவும், ஹாரன் அடிக்கவும், ஒதுங்கவும் அவகாசம் கிடைக்கிறது.

மோதினாலும் தாக்கம் ஒன்றல்ல. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 30-ல் வரும் காரைவிட 80-ல் வரும் காரின் ஆற்றல் சுமார் 7 மடங்கு அதிகம். மலையில் வாகன எண்ணிக்கையும் குறைவு என்பதைச் சேர்த்துக்கொண்டால், ஏன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்பது புரியும்.

மலை கொடுப்பது என்ன?

ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், கடையேழு வள்ளல்கள் பெயரை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். பாரியில் மூச்சு வாங்கி, ஓரியில் தண்ணீர் குடிப்பது இந்த ஏற்றத்தின் வழக்கம்.

சைக்கிளோடு சேர்த்து 85 கிலோ எடையுள்ள ஒருவர் 600 மீட்டர் உயரம் ஏறுகிறார் என்றால், புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் சுமார் 5 லட்சம் ஜூல் வேலை செய்ய வேண்டும். 150 வாட் திறனில் விடாமல் மிதித்தால் ஏறக்குறைய 55 நிமிடம். உடலின் செயல்திறன் நான்கில் ஒரு பங்குதான் என்பதால் செலவாவது 500 கலோரியை நெருங்கும். ஒரு மணி நேரம் நிற்காமல் மிதிக்க வழிவிடும் சாலை சிக்னல் நிறைந்த புறநகரில் கிடையாது.

இந்த ஈர்ப்பு பெரிய நிகழ்வுகளாகவும் வளர்ந்திருக்கிறது. 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' பயணத்தில் மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு 36 வளைவுகளோடு ஏறும் கல்லட்டி மலைப்பாதைதான் பெரிய சவால். 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 'பிரெவே' எனும் நெடுந்தூரப் பயணங்களும் சென்னையில் நடக்கின்றன.

அப்போ மலை ரொம்ப சேஃபா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. ஏறும்போது கிடைக்கும் அவகாசம் இறங்கும்போது கிடைக்காது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடாகும், பிடிமானம் குறையும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிப்பதைவிட, நுழையும் முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் சரி. குறுகலான மலைச் சாலையில் ஏறும் வாகனத்துக்கு இறங்கும் வாகனம் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. சைக்கிளில் இறங்குபவரும் அதை மறக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல், மலைகளும் அமைதியை இழந்துகொண்டிருக்கின்றன. ஊட்டி, கொடைக்கானலில் நெரிசல் எல்லை மீறியதால் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பே விதிக்கப்பட்டது. நகரத்திலிருந்து தப்பித்துப் போகிறவர்கள், நகரத்தின் டிராஃபிக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார்கள். ரேக் மாட்டிய காரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

காரில் ஏற்ற முடியாத சைக்கிள்கள்

வார இறுதியில் மலைக்குப் போகிறவருக்கு ஒரு தேர்வு இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவருக்கும், கேனில் டீ கட்டி விற்பவருக்கும், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் 1 மாணவிக்கும் அந்தத் தேர்வு இல்லை. அவர்களுக்குத் தினமும் இதே ரோடுதான். பலரிடம் ஹெல்மெட், பின் விளக்கு கூட இருக்காது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 4,800-க்கும் மேற்பட்டோர் சைக்கிளில் சென்றவர்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் மொத்தம் 17,884 சாலை விபத்து மரணங்கள். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்.

வசதியும் பயிற்சியும் இருந்தால் தப்பிக்கலாம் என்பதும் உண்மையல்ல. இன்டெல் இந்தியாவின் முன்னாள் தலைவர் அவதார் சைனி, 2024 பிப்ரவரி 28 அன்று நவி மும்பையில் அதிகாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது கார் மோதி இறந்தார்.

யார் பொறுப்பு?

மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென 2014-லேயே கொள்கை வகுத்த மாநகராட்சி சென்னை. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்கிறது அந்தக் கொள்கை. அதன் பிறகு பாண்டி பஜார் நடைபாதை வளாகம் வந்தது. ஆனால் மேற்குப் புறநகரில் தொடர்ச்சியான சைக்கிள் பாதை என்று காட்ட ஒன்றும் இல்லை.

காரணங்களில் ஒன்று நிர்வாக எல்லை. அம்பத்தூர் 2011-லிருந்து சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. நெடுஞ்சாலைகள் வேறு துறைகளின் கையில். சைக்கிளில் போகிறவர் ஒரே பயணத்தில் இந்த எல்லைகள் அனைத்தையும் கடக்கிறார், அவருக்கான பாதையை எந்த அமைப்பும் முழுசாகப் போட முடிவதில்லை.

என்ன செய்யலாம்?

ஜெர்மனியில் சைக்கிளை முந்தும் வாகனம் நகரத்துக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பிரான்ஸில் நகரத்துக்குள் 1 மீட்டர், வெளியே 1.5 மீட்டர். நம் ஊரில் லைசென்ஸுக்காக '8' போடும் மைதானத்தில் சைக்கிளை முந்திக் காட்டச் சொல்வதில்லை.

உடனே செய்யக்கூடியவையும் உண்டு. சர்வீஸ் சாலையை அடைத்து நிற்கும் லாரிகளை அகற்றுவது, அங்கே வேக வரம்பைக் குறைத்துக் கண்காணிப்பது, தெருவிளக்கை எரிய வைப்பது, ஓரத்து மணலை வாருவது. எதற்கும் புது மேம்பாலம் தேவையில்லை.

மலைச் சாலையைப் பாதுகாப்பாக உணர வைப்பது குறைந்த வேகமும் ஒதுங்க இடமும்தான். இரண்டையும் வானகரத்திலேயே உருவாக்க முடியும். அப்படி நடந்தால், ஏலகிரிக்கு ஆசைப்பட்டவர்கள் மட்டும் போனால் போதும். உயிருக்குப் பயந்து யாரும் போக வேண்டியிருக்காது.